நகராத கறை

"கால் விரலை மட்டும் பாரு. முகத்தைப் பார்க்காதே" என்றார் டாக்டர் ஆர்டிஸ் நோர்பெர்க்.

நான் இடுப்பில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, சவுனா என்கிற நீராவிக் குளியல் குடிசைக்குப் பின்னால் விறகு அடுக்கின் ஓரமாக நின்றிருந்தேன். மே மாதம்தான். ஆனால் அமெரிக்காவின் வடக்கு ஏரிக்கரையில் இருக்கிற எங்கள் லார்ச் பே ஊரில் மே மாதம் காலண்டருக்கு மட்டும்தான் வரும். ஏரிக் காற்று துண்டுக்குள் புகுந்து தன் பங்குக்கு ஒரு விசாரணை நடத்திக்கொண்டிருந்தது.

"முகத்தைப் பார்க்காம யாரோட கால்னு எப்படி டாக்டர் சொல்றது?"

"பொறந்ததுலேர்ந்து இதே ஊர்ல இருக்கே. காலைப் பார்த்தே சொல்லணும் நீ."

"நான் ஸ்கூல் பஸ் ஓட்டினவன் டாக்டர். பின்சீட்டுல உக்காந்து, கண்ணாடியில தெரிஞ்சாத்தான் எனக்கு ஆளு அடையாளமே தெரியும்."

அவர் சிரிக்கவில்லை. ஒரு விறகுக் கட்டையில் உட்கார்ந்து, பிளாஸ்கைத் திறந்து காபி ஊற்றிக்கொண்டார். எனக்குக் கொடுக்கவில்லை.

டாக்டர் ஆர்டிஸ் இந்தக் கரையில் இருந்த ஒரே கால் வைத்தியர். கிளினிக்கை மூடிவிட்டு வீட்டில் பூச்செடி வளர்ப்பார் என்று ஊரே எதிர்பார்த்தது. அவரோ துப்பறியும் நிறுவனம் என்று ஒரு பலகை எழுதி வாசலில் மாட்டினார். கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்: "வாய் பொய் சொல்லும். கால் விரலுக்கு அது தெரியாது." ரெய்னோ மட்டிலா ஆகிய நான், பஸ்ஸை விட்ட கையோடு அவரிடம் உதவியாளனாகச் சேர்ந்தேன். வண்டி ஓட்டுவது, கதவு தட்டுவது, தேவைப்பட்டால் துண்டு கட்டுவது என் வேலை.

இந்தத் தடவை காணாமல் போனது ஒரு மணி. ஏரியில் மூழ்கிப்போன மீனவர்களுக்காகப் படகுத் துறையில் தொங்குகிற வெண்கல மணி. வருஷத்துக்கு ஒரு தடவை, மீன்பிடி தொடங்குகிற ஞாயிற்றுக்கிழமை, செத்தவர்கள் பெயரை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். ஒரு பெயருக்கு ஒரு அடி. மார்ச்சில் பனி உருகத் தொடங்கிய சமயம், ஒரு காலையில் பார்த்தால் மணி இல்லை. கொக்கி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. கீழே பலகையில் ஆழமாக ஒரு பள்ளம். ஈரப் பனியில் காலடித் தடம்: இடது கால் முழுசாகப் பதிந்திருந்தது, வலது காலுக்குக் குதிகால் மட்டும்.

"திருடன் மணியைத் தன் கால் மேலயே போட்டுக்கிட்டான். வலது பெருவிரல். நகம் கறுத்திருக்கும், இன்னும் மறைஞ்சிருக்காது" என்று டாக்டர் அந்தத் தடத்தின் புகைப்படத்தைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார்.

பூட்ஸ் தடம் ஆம்பளை சைஸ். லார்ச் பே ஆம்பளைகள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, வெட்கமில்லாமல் பூட்ஸைக் கழற்றுகிற இடம் ஒன்றே ஒன்றுதான். வெள்ளிக்கிழமை மத்தியான சவுனா. அங்கே டாக்டரம்மாவுக்கு இடமில்லை, அதனால்தான் துண்டு என் இடுப்பில்.

அவசரமும் இருந்தது. பெயர் வாசிக்கிற ஞாயிறு இந்த வாரம்தான். அதோடு ஊர் ஏற்கெனவே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. படகு பழுது பார்த்து, நேரம் கிடைத்தால் மீனும் பிடிக்கிற ஐவர் ஸ்கூக்தான் திருடன் என்று. ஐவரின் வீடு துறைக்கு நேர் எதிரே. காற்று பலமாக அடித்தாலே மணி தானாக ஆடி அவர் தூக்கத்தைக் கெடுக்கும். "ஒரு நாள் இதை ஏரியில தூக்கிப் போடப்போறேன்" என்று ஊர்க் கூட்டத்தில் சொன்னவர் அவர். இப்போது யாரும் அவரிடம் படகு கொண்டுபோவதில்லை. கடைக் கதவில் யாரோ சிவப்புப் பெயின்ட்டில் 'திருடன்' என்று எழுதிவிட்டார்கள். சனிக்கிழமை ஷெரிஃப் ஆபீஸ் போலீஸ்காரர்கள் அவர் வீட்டைச் சோதனை போடுவதாக இருந்தார்கள்.

"போ" என்றார் டாக்டர். "சூடு தாங்காம எல்லாரும் ஏரியில குதிக்க வர்ற மாதிரி, நீயும் அப்பப்ப வெளியே வந்து சொல்லு."

"குதிக்கணுமா?"

"குதிக்காம ஈரமில்லாம திரும்பிப் போனா சந்தேகப்படுவாங்க."

உள்ளே போனேன். நீராவியில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் பெஞ்சுகளில் வரிசையாகக் கால்கள் தெரிந்தன. இத்தனை வருஷம் இந்தக் கால்களோடு வியர்த்திருக்கிறேன், ஒரு தடவைகூட உற்றுப் பார்த்ததில்லை. பார்க்காமல் இருந்தது எவ்வளவு நல்லது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

"என்னடா ரெய்னோ, தலையைக் குனிஞ்சுக்கிட்டே இருக்கே? எதையாவது தொலைச்சிட்டியா?" என்றார் பேக்கரி மெர்ல்.

"மானத்தை" என்றேன். "கீழேதான் எங்கேயோ விழுந்துச்சு."

சிரித்தார்கள். மேல் பெஞ்சில் சுவரோடு சாய்ந்திருந்த ஐவர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு இரண்டு பக்கமும் இடம் காலியாகக் கிடந்தது. மெர்ல் ஒருவர்தான் பழைய பழக்கத்தில் அவர் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார்.

கொஞ்ச நேரத்தில் வெளியே ஓடினேன். ஏரியில் விழுந்தேன். அந்தத் தண்ணீரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. பல் கிடுகிடுக்க விறகு அடுக்குக்கு வந்தேன்.

"மெர்லுக்குக் கால் நகமெல்லாம் மஞ்சள். தடிப்பு. பழைய பாலாடைக்கட்டி மாதிரி ஓரமெல்லாம் உதிருது. கை விரல்ல நகத்தைச் சுத்தி வீங்கியிருக்கு."

"காலுல நகச்சொத்தை. கையில நகச்சுற்று, எந்நேரமும் ஈரமாவுல கை வச்சிட்டிருக்கான். அடுத்தது?"

"பாட்டு வாத்தியார். கை நகமெல்லாம் ஊசியால குத்தின மாதிரி குட்டிக் குட்டிக் குழி."

"முழங்கையில செதில் செதிலா இருக்கா?"

நான் வாயைப் பிளந்தேன். "இருக்கு. உங்களுக்கு எப்படி?"

"சோரியாசிஸ். நகத்துலயும் வரும். பாவம், அது தொத்திக்கும்னு நினைச்சு எல்லாரும் அவருக்குக் கை கொடுக்கப் பயப்படறாங்க. தொத்தாது. உள்ளே போனதும் கை கொடு. அடுத்தது?"

"இருக்கான் டாக்டர், நம்ம ஆளு. அந்த ஓட்டப்பந்தயக்கார டேன். பெருவிரல் நகம் கன்னங்கரேல்னு."

"வலது கால்தானே?"

"ரெண்டு காலும்."

"அப்ப அவன் இல்ல. மலைப்பாதையில இறங்கி ஓடும்போது ஷூ முனையில இடிச்சு இடிச்சு ரெண்டு நகமும் கறுத்திருக்கு. ஒரு மணி ஒரு காலுலதான் விழும்."

"குதிச்சுக் குதிச்சு ரெண்டு தடவை போட்டிருந்தா?"

"போடா உள்ளே."

உள்ளே போனதும் முதல் வேலையாகப் பாட்டு வாத்தியாருக்குக் கை கொடுத்தேன். மனிதர் திகைத்துப்போய், என் கையை விடாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

வெண்டல் ஹாகி கதவோரம் உட்கார்ந்திருந்தார். மணிக் கமிட்டித் தலைவர். மணியைக் கண்டுபிடிக்கச் சொல்லி எங்களிடம் வந்தவரே அவர்தான். கண்ணாலேயே 'ஏதாவது தெரிந்ததா' என்று கேட்டார். நான் கண்ணாலேயே 'பொறுங்க' என்றேன்.

டேன் அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த கல் மேல் தண்ணீரை ஊற்றினான். நீராவி சீறியது.

"இந்த வருஷம் மணி இல்லாம பேரு வாசிக்க வேண்டியதுதான்" என்றான் அவன், யாரையும் பார்க்காமல். "எடுத்தவங்க மனசு வச்சாத்தான் உண்டு."

"என்னைப் பார்த்துச் சொல்லு" என்றார் ஐவர். "சுவத்தைப் பார்த்து ஏன் சொல்றே? சுவரா எடுத்துச்சு?"

"நான் யாரையும் சொல்லல."

"எனக்கு அந்த மணி பிடிக்காது. அதை மறைக்கல. பிடிக்காதுன்னு கூட்டத்துல எழுந்து சொன்னேன். திருடறவன் சொல்லிட்டாடா திருடுவான்?"

அவர் கோபத்தில் காலை நீட்டினார். வலது கால். பெருவிரல் நகத்தில் ஒரு கறுப்பு.

மனிதரை எனக்குப் பிடிக்கும். என் பஸ்ஸின் ஹீட்டரைக் குளிர்காலத்தில் எத்தனையோ தடவை சரிசெய்து கொடுத்தவர்.

"கால்ல என்ன ஐவர்?" என்றேன், சும்மா கேட்கிற மாதிரி.

"போன வருஷம் நவம்பர்ல, மான் வேட்டை சமயம், விறகுக் கட்டை விழுந்துச்சு. வலி போயிடுச்சு, கறை போகல."

"ஆமா" என்றார் மெர்ல். "நான் இந்தக் காலைப் பார்த்துட்டேதான் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை உக்காந்திருக்கேன். அப்ப எப்படி இருந்துச்சோ அப்படியேதான் இருக்கு."

நான் வெளியே வந்தேன். இந்தத் தடவை ஏரியில் குதிக்கவில்லை.

"கிடைச்சுட்டான் டாக்டர். ஐவர்தான். வலது கால் மட்டும்." சொல்லும்போதே எனக்குச் சந்தோஷமாக இல்லை. "போன வருஷம் கட்டை விழுந்துச்சுன்னு கதை விடறாரு. மெர்ல் வேற சாட்சி."

"எப்படி இருக்கு கறுப்பு? வட்டமா, திட்டா?"

"கோடு. நகத்தோட வேர்லேர்ந்து நுனி வரைக்கும் நீளமா ஒரு பட்டை. வேர்கிட்ட கொஞ்சம் அகலம்."

டாக்டரின் கோப்பை வாய்க்குப் பாதி வழியில் நின்றது.

"வேர்கிட்ட புதுசா வெள்ளையா நகம் வளர்ந்திருக்கா? கறுப்புக்கும் தோலுக்கும் நடுவுல இடைவெளி இருக்கா?"

"இல்ல. தோலுக்கே கொஞ்சம் இறங்கின மாதிரி இருக்கு. மை கொட்டின மாதிரி."

"மெர்ல் என்ன சொன்னான்? அவன் சொன்னதை அப்படியே சொல்லு."

"அப்ப எப்படி இருந்துச்சோ அப்படியேதான் இருக்குன்னான்."

காபியைக் கீழே கொட்டிவிட்டு எழுந்தார். குடிசையைச் சுற்றி நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

"டாக்டர், அது ஆம்பளைங்க நேரம். உள்ளே எல்லாரும்..."

அவர் கதவைத் திறந்து உள்ளே போய்விட்டார்.

அடுத்த சில விநாடிகளில் அந்தக் குடிசையில் நடந்ததை விவரிப்பது நாகரிகமாக இருக்காது. துண்டுகள் பறந்தன. டேனுக்குத் துண்டு அகப்படவில்லை. தண்ணீர் வாளியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். பாட்டு வாத்தியார் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உக்காருங்க எல்லாரும். எனக்கு வேண்டியது கணுக்காலுக்குக் கீழேதான்" என்றார் டாக்டர். ஐவர் முன்னால் மண்டியிட்டு, அவர் காலைத் தூக்கித் தன் முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். மூக்குக் கண்ணாடியில் நீராவி படிந்தது. துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"ஐவர், நகத்துக்குக் கீழே கன்றிப்போய் ரத்தம் கட்டினா, நகம் வளர வளர அந்தக் கறை முன்னால நகரும். மான் வேட்டை சமயம் விழுந்ததா இருந்தா, இந்நேரம் பாதி தூரம் போயிருக்கணும். வேர்கிட்ட நல்ல நகம் வந்திருக்கணும். உன்னோடது நகரவே இல்ல. வேர்லேர்ந்து புதுசு புதுசா கறுப்பாவே வளர்ந்து வருது."

"அப்ப மணி விழுந்த காயம் இல்லையா?" என்றேன்.

"எந்தக் காயமும் இல்ல. கட்டை விழுந்தப்பதான் இவன் முதல்தடவையா தன் காலைக் குனிஞ்சு பார்த்திருக்கான். அதனால கட்டை மேல பழி போட்டுட்டான்."

ஐவர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "பின்ன இது என்ன?"

டாக்டர் குரலைத் தாழ்த்தவில்லை, உயர்த்தவும் இல்லை. "மச்சம் மாதிரி சாதாரணமாகவும் இருக்கலாம். கான்சராகவும் இருக்கலாம். தோலுக்கு இறங்கியிருக்கறது எனக்குப் பிடிக்கல. கொஞ்சம் வெட்டி எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும். திங்கட்கிழமை டுலூத் பெரியாஸ்பத்திரிக்குப் போறோம். நான் பேசி வைக்கறேன்."

"திங்கட்கிழமை நான் வலை போடணும்."

"மீன் எங்கேயும் போகாது."

மெர்ல் மெதுவாக எழுந்து மேல் பெஞ்சுக்குப் போய், ஐவர் பக்கத்தில் காலியாகக் கிடந்த இடத்தில் உட்கார்ந்தார்.

டாக்டர் எழுந்தார். திரும்பினார். கதவை நோக்கி ஒரு அடி வைத்தவர் நின்றுவிட்டார்.

"வெண்டல், சவுனாவுக்குள்ள எதுக்குக் கம்பளி சாக்ஸ்?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். வெண்டலின் இரண்டு காலிலும் சாம்பல் நிற சாக்ஸ், முழங்கால் வரை.

"நகச்சொத்தை, டாக்டர். வலது கால்ல. மத்தவங்களுக்குத் தொத்தக் கூடாதுன்னுதான்."

"நல்ல மனசு. எப்பலேர்ந்து?"

"இப்பத்தான். மார்ச்சுலேர்ந்து."

"ஜனவரியில வெறுங்காலோடதானே வந்தே" என்றார் பாட்டு வாத்தியார், சுவரைப் பார்த்தபடியே. "வழுக்கி என் மேல விழுந்தியே. உன் கால் என் மூக்குகிட்ட இருந்துச்சு. நகமெல்லாம் சுத்தமாத்தான் இருந்துச்சு."

"நகச்சொத்தை நடந்து வரும், ஓடி வராது" என்றார் டாக்டர். "நல்லா இருந்த பெருவிரல் நகம் ரெண்டு மாசத்துல மூடி வைக்கிற அளவுக்குக் கெடாது. சாக்ஸைக் கழட்டு வெண்டல்."

வெண்டல் கழற்றவில்லை. முகம் நீராவியில் சிவந்திருந்ததா வேறெதனாலா என்று தெரியவில்லை. அப்புறம் குனிந்தார். வலது சாக்ஸை மெல்ல உருட்டி எடுத்தார். நகம் முக்கால்வாசி கறுத்துக் கிடந்தது. அடியில், வேரை ஒட்டி, ஒரு அரிசி அகலத்துக்குப் புது நகம் இளஞ்சிவப்பாக எட்டிப் பார்த்தது.

"இது நகர்ந்திருக்கு" என்றார் டாக்டர். "மார்ச்சுலேர்ந்து சரியா இவ்வளவு தூரம்." என்னைப் பார்த்தார். "இதை நீ ஏன் சொல்லல?"

"நீங்க விரலைப் பார்க்கச் சொன்னீங்க. இவருக்கு விரல் தெரியலையே."

வெண்டல் இரண்டு கையையும் கோர்த்துக்கொண்டார். "நான் திருடல" என்றார். "மணி நாக்குல பனி உறைஞ்சு ஒட்டிக்கிச்சு. சுத்தியலால தட்டினேன். லேசாத்தான் தட்டினேன். விரிசல் விட்டுடுச்சு. எங்க அப்பா பேரும் அண்ணன் பேரும் அந்த மணியிலதான் ஒலிக்கும். அதை நானே உடைச்சிட்டேன். யாருக்கும் தெரியாம ஒட்ட வச்சு மாட்டிடலாம்னு இறக்கினேன், கால்ல விழுந்துச்சு. பக்கத்து மாநிலம் விஸ்கான்சின்ல ஒருத்தர் விரிசலைப் பத்த வைக்கறாரு. அதுக்குள்ள ஊரே திருட்டுன்னு கத்துச்சு. அப்புறம் வாயைத் திறக்க முடியல. நாளைக்குக் கொண்டுவந்து மாட்டிடறதா இருந்தேன்."

"அப்புறம் எங்களை எதுக்குக் கூப்பிட்டீங்க?" என்றேன்.

"கமிட்டி ஓட்டுப் போட்டுச்சு. நான்தானே தலைவர். போய்க் கூப்பிடுன்னாங்க."

"என் பேரைச் சொன்னப்பவும் வாயைத் திறக்க முடியலையா?" என்றார் ஐவர்.

வெண்டல் தலை நிமிரவில்லை. "அதுதான் என்னைத் தூங்க விடல, ஐவர். விரிசல் இல்ல. அதுதான்."

ஐவர் கரண்டியை எடுத்துக் கல் மேல் தண்ணீர் ஊற்றினார்.

"என் கடைக் கதவுல எழுதியிருக்கறதை நீ வந்து அழிக்கணும். பட்டப்பகல்ல. சுரண்டி, புதுசா பெயின்ட் அடிக்கணும். யாராவது ஏன்னு கேட்டா நீயே சொல்லணும்."

"சரி" என்றார் வெண்டல்.

"பச்சைப் பெயின்ட்."

"சரி."

"இப்ப யாராவது இந்த டாக்டரம்மாவை வெளியே அனுப்புங்க" என்றான் டேன். "வாளி கனக்குது."

சனிக்கிழமை வெண்டல் மணியைக் கொண்டுவந்து மாட்டிவிட்டு, ஐவரின் கடைக் கதவுக்குப் பெயின்ட் அடித்தார். ஊரே ஏதோ வேலை இருக்கிற மாதிரி அந்த வழியாகப் போய்வந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் அவரே சொன்னார், பிரஷ்ஷைக் கீழே வைக்காமல். ஞாயிற்றுக்கிழமை பெயர் வாசிக்கும்போது மணிக்குத் தொண்டை லேசாகக் கட்டியிருந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

திங்கட்கிழமை ஐவரை டுலூத்துக்கு நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். போகிற வழியெல்லாம் என் வண்டி எஞ்சினைக் குறை சொல்லிக்கொண்டே வந்தார். அவர் அதிகம் குறை சொன்னால் பயந்திருக்கிறார் என்று அர்த்தம். நானும் பதிலுக்கு அவர் ஓட்டுகிற டிரக்கைக் குறை சொன்னேன். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது, "நீ உள்ளே வருவியா?" என்றார். "டிக்கெட் இல்லாம விடுவாங்களா?" என்று கேட்டுக்கொண்டே கூடப் போனேன்.

முடிவு சொல்லிப் போன் வந்தபோது அவர் கடையில் ஒரு படகைக் கவிழ்த்துப் போட்டு வேலை செய்துகொண்டிருந்தார். நானும் டாக்டரும் அங்கேதான் இருந்தோம். மறுமுனையில் சொன்னதைக் கேட்டு "சரி" என்றார். மறுபடி "சரி" என்றார். போனை வைத்துவிட்டு, கவிழ்ந்த படகின் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

"கான்சர்தானாம்" என்றார். "ஆனா நகத்துக்கடியிலேயே நின்னிருக்காம். கீழே இறங்கலையாம். அதோட மொத்த நகத்தையும் எடுத்துடுவாங்களாம். விரல் இருக்குமாம்." கொஞ்சம் நிறுத்தி, "நானும் இருப்பேனாம்" என்றார்.

டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். அங்கே நீராவி ஒன்றும் இல்லை.

செய்தி லார்ச் பே முழுக்கப் பரவ ஒரு மத்தியானம் போதுமாக இருந்தது. மறுநாள் காலை நான் வேலைக்குப் போனபோது, துப்பறியும் நிறுவனத்தின் வாசல் படியில் ஊர் ஆம்பளைகள் பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மனைவிக்குக்கூடக் காட்டாத கால்கள். மெர்ல் முதல் ஆள். அவருக்கு ஒரு மருந்து எழுதிக் கொடுத்து, மாவு பிசையும்போது கையுறை போடச் சொன்னார் டாக்டர். டேனுக்கு ஒரு சைஸ் பெரிய ஷூ. தபால்காரருக்கு நகம் சதைக்குள் வளர்ந்து சீழ் பிடித்திருந்தது. கத்தினார், அப்புறம் நன்றி சொன்னார். வெண்டலிடம், "வளர்ந்து வந்துடும், நோண்டாதே" என்று மட்டும் சொன்னார் டாக்டர்.

மத்தியானத்துக்குள் படி காலியாகிவிட்டது.

"அவ்வளவுதானா?" என்றார் டாக்டர்.

"ஒருத்தர் பாக்கி" என்றேன்.

"யாரு?"

நான் படியில் உட்கார்ந்து வலது பூட்ஸின் கயிற்றை அவிழ்த்தேன். டாக்டர் எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கையை நீட்டினார்.

"கொடு."

கொடுத்தேன்.